புகை போடாத கொட்டில்

சிவகௌரி திடுக்கிட்டு நின்றதைப் பார்த்தவர் நீர்வேலியில் ஒருவரும் இல்லை. வீடு வீடாக விசாரித்தாயிற்று. தொண்ணூற்றைந்தில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, இருபத்திரண்டு வயதில், கொட்டும் மழைக்குள் ஒரு நாகு கன்றைக் கயிற்றில் பிடித்தபடி கொடிகாமம் வரை போய்ச் சேர்ந்தவள் அவள். வழியில் ஷெல் விழுந்த சத்தத்துக்குக் கன்று துள்ளியதாம். இவள் துள்ளவில்லையாம். பிறகொருநாள் கறவை மாடு உதைத்து முன்பல் ஒன்று போனபோதும், பல்லைத் துப்பிவிட்டு மிச்சப் பாலையும் கறந்து முடித்துத்தான் எழும்பினாள் என்று அவளுடைய கணவர் இராசநாயகம் இன்றைக்கும் கலியாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும் என்றாலும், பல் இல்லாதது உண்மை.

இராசநாயகத்துக்கு எட்டுப் பரப்பு வாழைத்தோட்டம், அதைவிட நீளமான வாய். சிவகௌரிக்கு ஒரு பசு, பெயர் சிவப்பி. வயது இவளுக்கு இப்போது ஐம்பத்தொன்று. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் கன்று ஈன்றபின் மடியில் கைவைக்க விடாத மாடு, கயிறு அறுத்துக்கொண்டு ரோட்டில் நிற்கிற எருது என்று எது வந்தாலும் கோப்பாய், உரும்பிராய், இருபாலை எல்லாம் இவளைத்தான் கூப்பிடும். போவாள். மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். மூன்றாம் நாள் மாடு பால் கொடுக்கும். என்ன மந்திரம் என்று கேட்டால், "மந்திரமோ? எனக்கு அவசரமில்லையெண்டு மாட்டுக்கு விளங்கோணும், அவ்வளவுதான்" என்பாள்.

இப்படிப்பட்டவளைத்தான் போன வருடம் தை மாதம், கொடிகாமத்தில் ஒரு கன்ரர் லொறியின் பின்கதவு உலுக்கிப் போட்டது.

பொங்கல் முடிந்து ஒரு கிழமை. கால்நடை வைத்தியர் தக்சாயினியிடமிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா, உடனை கொடிகாமத்துக்கு வருவீங்களே?" என்றதற்கு மேல் அந்தப் பிள்ளையால் பேச முடியவில்லை. இராசநாயகத்தின் மோட்டார் சைக்கிளில் இருவரும் போனார்கள். சந்தைக்குப் பக்கத்தில் பொலிஸ் மறித்து வைத்திருந்த லொறியைச் சுற்றி ஊரே நின்றது. கத்தரிக்காய்க் கூடைகள் கீழே இறக்கப்பட்டிருந்தன. கூடைகளுக்குப் பின்னால் இரண்டு குதிரைகள் கிடந்தன. நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, தலையைச் சாக்கால் மூடி, கழுத்துக் கயிற்றை லொறிக் கம்பியோடு இறுக்கியிருந்தார்கள். ஒன்று செத்துப்போயிருந்தது. மற்றது செத்ததின் வயிற்றில் தலையை வைத்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்தொடையில் ஒரு எழுத்துக் குறி சுட்டிருந்தார்கள். புண் இன்னும் காயவில்லை.

சிவகௌரி லொறியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உதென்னது?" என்றாள். பிறகும் "உதென்னது?" என்றாள். கேள்வி அல்ல அது. வாயில் வேறு சொல் வரவில்லை.

நெடுந்தீவுக் குதிரைகள் என்று தக்சாயினி சொன்னாள். தீவின் வெளியில் தாமாகத் திரிகிற கூட்டம். மனிதக் கை படாதவை. அவற்றைத் தீவை விட்டுக் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். கொண்டுவந்தவன் நிருஷன், கலியாண வீடுகளுக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவன். அவனோ, இரண்டும் தன்னுடைய வீட்டில் பிறந்து வளர்ந்த குதிரைகள், வவுனியாவுக்குக் கலியாணத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று பொலிசிடம் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தான். வழக்கு நீதவானிடம் போயிற்று. பங்குனி பதினெட்டாந் திகதி விசாரணை, அன்றைக்குக் குதிரையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அதுவரை கால்நடை வைத்தியர் பொறுப்பு என்று உத்தரவாயிற்று.

தக்சாயினி அந்தப் பொறுப்பைச் சிவகௌரியின் கையில் கொடுத்தாள்.

"மயக்க ஊசி போட்டுத்தான் உந்தக் குதிரையை உங்கடை வளவுக்குக் கொண்டு வரப்போறன் அக்கா. ஆனால் இன்னொருக்கால் போட்டால் உவளின்ரை இருதயம் தாங்காது. பங்குனியிலை தன்ரை காலிலை நடந்துதான் உவள் லொறியிலை ஏறோணும். ஏறாட்டில் திரும்பவும் கட்டித்தான் தூக்க வேணும். கட்டினால்..." என்று செத்த குதிரையைப் பார்த்தாள்.

"விளங்குது பிள்ளை" என்றாள் சிவகௌரி.

எட்டுக் கிழமை. கை படாத மிருகம். மாட்டைத் தவிர வேறொன்றையும் பழக்கி அறியாத மனுசி. இராசநாயகம் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய வாழ்க்கையில் அதுவே பெரிய செய்தி.

மயக்கம் தெளிந்து குதிரை எழும்பியபோது பின்னேரம். கொட்டிலின் ஒரு பாதியைத் தகரம் அடித்து அதற்கென்று ஒதுக்கியிருந்தார்கள். மற்றப் பாதியில் சிவப்பி. கபில நிறப் பெட்டைக் குதிரை, நெற்றியில் வெள்ளை, ஒரு நல்ல நாகின் உயரம்தான் இருக்கும். மூலையில் ஒட்டிக்கொண்டு நின்று நடுங்கியது. பாவம், காயத்தில் இலையான் மொய்க்கிறதே, இருட்டினால் நுளம்பும் வந்துவிடுமே என்று சிவகௌரியின் மனம் பதறிற்று. ஆயுள் முழுக்க ஒவ்வொரு பின்னேரமும் செய்ததைத்தான் அன்றைக்கும் செய்தாள். பழைய தகரத்தில் தேங்காய்ப் பொச்சைப் போட்டு நெருப்பு மூட்டி, மேலே பச்சை வேப்பிலை தூவி, புகை எழும்பியதும் கொட்டில் வாசலில் கொண்டுபோய் வைத்தாள். யாழ்ப்பாணத்தில் மாடு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் விளக்கு வைக்க மறந்தாலும் இதை மறக்க மாட்டார்கள்.

குதிரை கத்தியது.

அது கனைப்பு அல்ல. அப்படி ஒரு சத்தத்தைச் சிவகௌரி எந்த மிருகத்திடமும் கேட்டதில்லை. அடுத்த கணம் தகரச் சுவரில் மோதியது. இரண்டாவது மோதலில் தகரம் கிழிந்தது. தோள் கிழிய வெளியே பாய்ந்து, வாழைத்தோட்டத்துக்குள் விழுந்து எழும்பி ஓடியது. குலை தள்ளின கதலிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. இராசநாயகம் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, என்ரை வாழை! என்ரை வாழை!" என்று வரம்பில் ஓடினார். சிவகௌரி அசையவில்லை. கையில் மிச்ச வேப்பிலையோடு நின்றாள். மாடு சுகமாகக் கண்ணை மூடி அசைபோடுகிற புகை. நன்மைக்கென்று போட்ட புகை.

பிறகுதான் தொடையில் சுட்ட குறி நினைவுக்கு வந்தது. தலையில் சாக்கைப் போட்டு மூடியிருந்தபோது அதற்குத் தெரிந்தது மணம் மட்டுந்தானே? இங்கே குறிசுடுகிறவர்கள் இரும்பைக் காய்ச்சுவதும் பொச்சு நெருப்பில்தான். புகை மணத்தது, பிறகு எரிந்தது. சிவகௌரி ஒரு வாளி தண்ணீரைப் புகைத் தகரத்தில் கவிழ்த்தாள். அன்றோடு அந்தக் கொட்டிலில் புகை நின்றது. நுளம்புக்குப் பதில் என்ன செய்வது? வீட்டில் கிடந்த பழைய நுளம்பு வலைகளைத் தைத்து இணைத்து, சிவப்பியைச் சுற்றிக் கட்டினாள். வலைக்குள் மாடு நித்திரை கொள்கிற அதிசயத்தைப் பார்க்க அயலட்டம் வந்து சிரித்துவிட்டுப் போயிற்று.

குதிரையைத் தோட்டத்திலேயே விட்டார்கள். சுற்றிவர மதில் இருந்தது. வாளியில் வைத்த தண்ணீரை அது தொடவில்லை. ஒரு நாள், ஒன்றரை நாள். செத்துவிடுமோ என்று சிவகௌரிக்குச் சோறு இறங்கவில்லை. இராசநாயகம் வாழைக்கு இறைக்க மோட்டரைப் போட்டார். தண்ணீர் வாய்க்காலில் ஓடி வந்ததும், குதிரை தலையைத் தாழ்த்தி நிலத்திலிருந்து குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. "கேணியிலையும் மோட்டையிலையும் குடிச்சுப் பழகினது. உன்ரை நீலவாளியை அதுக்கு ஆர் அறிமுகப்படுத்தினது?" என்றார் இராசநாயகம். அன்றிலிருந்து நாளைக்கு இரண்டு தரம் இறைப்பு. வாழை அந்த வருடம் கொழுத்தது வேறு கதை.

இராசநாயகத்துக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. "மூக்குக் குத்திக் கயிறு போட்டால் ரண்டு நாளிலை சரி" என்றார். தக்சாயினிக்கு முகம் வெளிறிவிட்டது. "அண்ணை! குதிரைக்கோ?" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் வரம்புக்கு அங்காலே போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு குதிரைக்குக் கிட்டவே போகவில்லை. தூர நின்று வாய்க்கால் தண்ணீரை மாற்றி விட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு கதைத்துக்கொண்டிருப்பார். அரசியல், உரவிலை, சம்பந்தி வீட்டார் என்று பொழுது முழுக்க அவருடைய குரல் தோட்டத்தில் கேட்டுக்கொண்டேயிருக்கும். யார் கேட்கிறார்கள் என்று அவர் பார்ப்பதில்லை.

சிவகௌரி தன்னுடைய பலகையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள். மாடென்றால் பக்கத்தில் இருப்பாள். இதற்கு அது சரிவரவில்லை. பார்த்தாலே ஓடியது. எனவே முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். வாழைநார் கிழிப்பாள், வெற்றிலை போடுவாள், திரும்ப மாட்டாள். நாற்பது அடி. முப்பது அடி. ஒருநாள் தும்மிவிட்டாள், திரும்பவும் நாற்பது அடி. தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

பத்தொன்பதாம் நாள் காலையில் அவளுடைய பிடரியில் சூடாக ஒரு மூச்சுப் பட்டது. நார் கையிலிருந்து நழுவியது. எடுக்கவில்லை. மூச்சுக் கழுத்தில், பிறகு காதில், பிறகு கொண்டையில் பட்டது. அப்படியே நெடுநேரம் இருந்தாள். கால் மரத்துவிட்டது. கண்ணால் தண்ணீர் ஓடியது. பல் போனபோது வராத அழுகை அது. ஏன் அழுகிறேன் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு நாட்கள் வேகமாகப் போயின. முதலில் தோளில் கை. முகத்தில் கைவைக்கக் கூடாது என்று தக்சாயினி சொல்லியிருந்தாள். பிறகு பிடரிமயிர். பிறகு பழைய நூல்சேலையைக் கிழித்துப் பின்னிய மெத்தென்ற தலைக்கயிறு. கதலிப்பழத்தை உரித்துக் கையில் நீட்டினால் உதட்டால் தடவித் தடவி எடுக்கும். 'தீவுக்காரி' என்று பெயரும் வந்துவிட்டது. பின்தொடைப் புண் ஆறி, எழுத்து மட்டும் வழுக்கையாக நின்றது. அதில் கைபட்டால் மட்டும் தோல் சிலிர்க்கும்.

இங்கேதான் சிவகௌரி தன்னுடைய பிழையைச் செய்தாள். அவளுக்கும் ஒரு கெப்பர், தான் பழக்கினது என்ற பெருமை, இருந்தது என்பதை ஒளிக்க என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டு சுபாஜினி, தீவுக்காரி பழம் தின்பதைக் கைத்தொலைபேசியில் எடுத்துப் போட்டுவிட்டாள். அடுத்த நாளே ஆட்கள் வந்தார்கள். கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போனவர்கள் வழியில் வாகனத்தை நிறுத்திவிட்டு வந்தார்கள். எல்லோருடைய கையிலும் ஒரு சீப்புப் பழம். மதில் வாசலில் தீவுக்காரி தலையை நீட்டும், ஒவ்வொரு கையாகப் பழம் வாங்கும், சனம் "ஆ" என்று வாயைப் பிளக்கும். சிவகௌரி பக்கத்தில் நின்று, "பயப்பிடாதேங்கோ, கடியாள்" என்பாள். அப்போது அவளுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெண்பிள்ளையைக் கரைசேர்த்த தாய்மாதிரி நின்றாள்.

"எல்லாரையும் பழம் தீத்த விடாதேங்கோ அக்கா" என்று தக்சாயினி இரண்டு தரம் சொன்னாள்.

"ஆசையிலை வருகுதுகள் பிள்ளை. சனத்துக்குப் பயப்பிடாமல் பழகினால்தானே கோட்டடியிலை, நீதவானுக்கு முன்னாலை நிப்பாள்?" என்றாள் சிவகௌரி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

பங்குனி பதினெட்டுக் காலையில், கயிற்றை இழுக்காமலே, சிவகௌரியின் பின்னால் பலகையில் கால்வைத்துத் தீவுக்காரி லொறியில் ஏறினாள். தக்சாயினி கைதட்டப் போய், பயந்து, கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். இனி என்ன, காட்டிவிட்டுத் தீவுக்குக் கொண்டுபோய் விடுவதுதான் என்று சிவகௌரி நினைத்தாள்.

நீதிமன்ற வளவில் ஒரு பெரிய வேம்பு. அதன் கீழ் கயிற்றைப் பிடித்தபடி சிவகௌரி நின்றாள். உள்ளே சாட்சியங்கள் முடிந்து, நீதவான் குதிரையைப் பார்க்க வெளியே வந்தார். பொலிசார், இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகள், நிருஷன், வேடிக்கை பார்க்கிற சனம். தீவுக்காரி காதை ஆட்டிக்கொண்டு சனத்தைப் பார்த்தாள். யார் பழம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறாள் என்பது சிவகௌரிக்குத் தெரிந்தது.

நிருஷனின் சட்டத்தரணி கிட்ட வந்தார். "அம்மா, இது முரட்டுக் குதிரையோ?"

"இல்லை ஐயா."

"கடிக்குமோ? உதைக்குமோ?"

"இல்லை."

"ஆக்களைக் கண்டால் ஓடுமோ?"

"வந்த நேரம் ஓடினது. ஆரையும் கிட்ட விடேல்லை."

"வந்த நேரம். காலைக் கட்டி லொறியிலை வந்து, பக்கத்திலை மற்றது செத்துக் கிடந்தால், எந்த வளர்ப்புக் குதிரையும் மிரளுந்தானே அம்மா? இப்ப ஓடுமோ?"

"இப்ப ஓடாது" என்றாள் சிவகௌரி. சொல்லிவிட்டுக் கயிற்றை இன்னும் கிட்டப் பிடித்தாள்.

சட்டத்தரணி தலையசைத்தார். நிருஷன் முன்னே வந்தான். அவனுடைய கையில் ஒரு கதலிப்பழம். "வாடி என்ரை செல்லம்" என்றான். தீவுக்காரி ஒரு எட்டு வைத்து, கழுத்தை நீட்டி, அவனுடைய கையிலிருந்து பழத்தை உதட்டால் தடவி எடுத்தாள். தின்றாள். அவன் நெற்றி வெள்ளையைத் தடவினான். நின்று கொடுத்தாள்.

சனம் சிரித்தது சிவகௌரிக்குக் கேட்கவில்லை. உன் கூட்டாளியைக் கொன்ற கை, உன்னைச் சுட்ட கை, எடியே, அது உனக்குத் தெரியவில்லையா? எப்படித் தெரியும்? தலையில் சாக்கல்லவா கிடந்தது. மனிதக் கையென்றால் பழம் என்று எட்டுக் கிழமையாகப் படிப்பித்தது யார்? வழியில் போன சனத்தையெல்லாம் கூப்பிட்டுத் தீத்த விட்டது யார்? கயிறு பிடித்திருந்த தன்னுடைய கையைப் பார்த்தாள். அதை வெட்டிப்போட வேண்டும்போல் இருந்தது.

"ஆறு வருசம் ஐயா," நிருஷன் நீதவானிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "குட்டியிலை இருந்து எங்கடை மாட்டுக்கொட்டிலுக்கை மாடுகளோடை மாடாய் வளந்தவள். களவுக்குப் பயந்து இந்தத் தையிலைதான் என்ரை பேரின்ரை எழுத்தைக் குறிசுட்டனான்."

நீதவான் குதிரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். காட்டுக் குதிரை என்று காட்ட ஏதும் இல்லையே என்பதுபோல் தக்சாயினியைப் பார்த்தார். அந்தப் பிள்ளை அழுகிற நிலையில் நின்றாள்.

"ஐயா," என்றாள் சிவகௌரி. செருமிக்கொண்டு திரும்பவும் சொன்னாள். "ஐயா, உந்தத் தம்பியிட்டை ஒண்டு கேக்கலாமோ?"

நீதவான் தலையசைத்தார்.

"தம்பி, உங்கடை கொட்டிலிலை பின்னேரத்திலை புகை போடுறனீங்களோ?"

நிருஷனுக்குச் சிரிப்பு வந்தது. "இதென்ன கேள்வி அக்கா? புகை போடாமல் மாடு வளக்கிறவை ஆர் இருக்கினம்? ஒவ்வொரு நாளும்தான்."

"ஆறு வருசமும் இவள் அந்தப் புகைக்கைதான் நிண்டவளோ?"

"ஓம். நிண்டவள்தானே."

"அப்ப ஒருக்கால் புகையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கோ ஐயா" என்றாள் சிவகௌரி.

முன் தேநீர்க்கடையிலிருந்து பொச்சு வந்தது. மரத்தில் வேப்பிலை இருந்தது. நிருஷன் ஒரு பெயின்ற் தகரத்தில் மூட்டினான். புகை எழும்பியது. தீவுக்காரியின் மூக்கு விரிந்தது. உடம்பு முழுவதும் ஒருதரம் அதிர்ந்தது. சிவகௌரி கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது கத்துவாள், பாய்வாள், எல்லாம் முடிந்துவிடும்.

பாயவில்லை. திரும்பி, சிவகௌரியின் கக்கத்துக்குள் முகத்தைப் புதைத்தாள்.

நடுங்கினாள். கால்களுக்கிடையில் மூத்திரம் போயிற்று. ஆனால் நின்றாள். நிருஷன் தகரத்தோடு இன்னும் கிட்ட வந்தான். தீவுக்காரி சிவகௌரியை இன்னும் நெருக்கினாள். "பாருங்கோ ஐயா, நிக்குது. வேற என்ன சாட்சி வேணும்?" என்றார் சட்டத்தரணி. சனமும் ஓமென்றது.

இதைச் சிவகௌரி எதிர்பார்க்கவில்லை. உலகத்திலுள்ள எல்லாப் புகையையும்விட இந்தக் கக்கம் பெரிதென்று நினைக்கிற ஒரு உயிரை அவள் இதுவரை கண்டதில்லை. பெற்ற பிள்ளைகளிடம்கூடக் கண்டதில்லை. இப்படியே பிடித்துக்கொண்டு நின்றால் இன்னும் ஐந்து நிமிடத்தில் குதிரை நிருஷனோடு போய்விடும். மெல்ல அந்த முகத்தை விலக்கினாள். கயிற்றை வேம்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள், இறுக்கி அல்ல. பிறகு நடந்து போய் நிருஷனின் கையிலிருந்து தகரத்தை வாங்கினாள்.

"அக்கா, வேண்டாம்" என்றாள் தக்சாயினி. அவளுக்கு விளங்கிவிட்டது.

சிவகௌரி புகையைக் கையில் ஏந்திக்கொண்டு தீவுக்காரியை நோக்கி நடந்தாள். தீவுக்காரி அவளைப் பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள். திரும்ப அவளுடைய முகத்தைப் பார்த்தாள். காதுகள் முன்னே வந்தன, பின்னே போயின, திரும்ப முன்னே வந்தன. ஒரு எட்டு அவளிடம் வரக்கூடப் பார்த்தாள். சிவகௌரி நிற்கவில்லை. "என்னை மன்னிச்சுக்கொள்ளடி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு தகரத்தை அந்த வெள்ளை நெற்றிக்கு நேரே நீட்டினாள்.

அந்தக் கத்தலை நீதிமன்ற வளவு இன்னும் மறக்கவில்லை. கயிறு கழன்றது. சட்டத்தரணி விழுந்தார், கோப்புகள் பறந்தன, வரிசையாக நின்ற மோட்டார் சைக்கிள்கள் ஒன்றின் மேலொன்று சாய்ந்தன. தீவுக்காரி வளவின் கடைசி மூலைக்குப் போய் மதிலோடு ஒட்டிக்கொண்டு, கண்வெள்ளை தெரிய நின்றாள். முதல் நாள் கொட்டிலில் நின்றதுபோலவே நின்றாள்.

ஆறு வருடம் புகைக்குள் வளர்ந்த குதிரையைத் தான் பார்த்துவிட்டதாக நீதவான் குத்தலாகச் சொன்னார். குதிரையைத் தீவுக்கே கொண்டுபோய் விடும்படியும், நிருஷனைத் தொடர்ந்து விசாரிக்கும்படியும் உத்தரவிட்டார். தக்சாயினி சிவகௌரியைக் கட்டிப்பிடித்தாள். சிவகௌரிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தகரம் இன்னும் கையில் இருந்தது.

கயிற்றைப் பிடிக்க அவள் போனாள். தீவுக்காரி பல்லைக் காட்டினாள். சிவகௌரி பழத்தை நீட்டினாள், தீவுக்காரி மதிலில் ஏறப் பார்த்தாள். கை கழுவி, சேலை மாற்றி வந்தும் அதேதான். யாருக்கும் வழி தெரியவில்லை. அப்போது தாங்கள் வந்த லொறியின் சாரதியோடு உரவிலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த இராசநாயகத்தின் குரல் கேட்டு, தீவுக்காரி காதைத் திருப்பினாள். எட்டுக் கிழமையாகத் தோட்டத்தில் கேட்ட குரல். கதைத்துக்கொண்டே வரும்படி தக்சாயினி சைகை காட்டினாள். அந்த மனிதருக்கு அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லையே. உரவிலை முடிந்து சம்பந்தி வீட்டுக்கு வருவதற்குள் கயிறு அவருடைய கைக்கு வந்துவிட்டது. தன்னுடைய கையைப் பார்த்துத் தானே திகைத்துப்போய், "இஞ்சாரப்பா, இதென்ன கூத்து" என்றார்.

மூன்றாம் நாள் குறிகட்டுவானிலிருந்து சரக்குப் படகில் போனார்கள். முன்னால் இராசநாயகமும் குதிரையும். சிவகௌரி தன் மணம் குதிரைக்கு எட்டாதபடி காற்றுக்குக் கீழே, படகின் பின்பக்கத்தில், முக்காடு போட்டுக்கொண்டு இருந்தாள். தான் இருப்பது தெரிந்தால் கடலில் பாய்ந்துவிடுமோ என்ற பயம்.

தீவின் வெளியில் கயிற்றைக் கழற்றியபோது தூரத்தில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. தீவுக்காரி அங்கே போகவில்லை. இராசநாயகத்தின் தோளோடு நின்றாள். அவர் தட்டினார், தள்ளினார், "போ பிள்ளை" என்றார். நின்றாள். அவளுக்கு அவர் போதும்போல் இருந்தது. படகில் வந்த இரண்டு பேர் பழமிருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்கள்.

"குடுக்காதேங்கோ!" சிவகௌரியின் சத்தம் வெளியெங்கும் கேட்டது. "ஆரும் குடுக்காதேங்கோ."

முக்காட்டை எடுத்தாள். காற்று அவளுடைய முதுகிலிருந்து வீசியது. இரண்டு கையையும் வெறுமையாகத் தொங்கவிட்டுக்கொண்டு, மறைக்காமல், நேரே தீவுக்காரியை நோக்கி நடந்தாள். நாற்பது அடி. முப்பது அடி. தலை நிமிர்ந்தது. மூக்கு விரிந்தது. அவளைக் கண்டதும் தீவுக்காரி இராசநாயகத்தை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினாள். கூட்டத்துக்குள் போய், கூட்டத்தையும் கிளப்பிக்கொண்டு, பனைகளுக்கு அங்காலே போய் மறைந்தாள். ஒருதரமும் நிற்கவில்லை.

"நல்லது" என்றாள் சிவகௌரி. பிறகு அந்த வெட்டை வெளியில், படகுக்காரர் பார்க்கப் பார்க்க, குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள்.

திரும்பும் படகில் இராசநாயகத்துக்குப் பசித்தது. அவளுடைய கைப்பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரு கதலிப்பழம், நசியாமல் கைக்குட்டையில் சுற்றியபடி இருந்தது. "இதை ஆருக்குக் கொண்டு வந்தனீ?" என்று கேட்க வந்தவர் கேட்கவில்லை. சிவகௌரி அதை வாங்கி, உரித்து, தானே தின்றாள்.

இப்போது அந்தக் கொட்டிலில் திரும்பவும் ஒவ்வொரு பின்னேரமும் புகை எழும்புகிறது. மூட்டுகிறவர் இராசநாயகம்.